ஓய்வில்லாதவர்களின் எழுத்து

ஓய்வுநேர எழுத்தாளர் என்றொரு சொற்றொடர் நம் இலக்கிய உலகிலே தாராளமாகப் புழங்கி வருகின்றது. எழுத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல், வேறொரு தொழிலைச் செய்துகொண்டே கதை எழுதுகின்றவரை இப்படிக் குறிப்பிடுகின்றோம். அதிலே மெல்லிய ஏளனமும் கலந்திருக்கின்றது. தொழிலாக எழுதுகின்றவன் பயிற்சி உள்ளவன், மற்றவன் ஆசைக்கு எழுதுகின்றவன் என்ற பாகுபாட்டை நாம் எண்ணிப் பாராமலே ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இலங்கையின் மலையகத் தமிழ்ப் புனைகதை வரலாற்றை எடுத்துப் பார்ப்போருக்கு இந்தப் பாகுபாடு எவ்வளவு பொருந்தாதது என்பது புலனாகும். அந்த இலக்கியத்தைப் படைத்தவர்கள் யாவர்? கடையிலே கணக்கெழுதியவர்கள், பள்ளிக்கூடத்திலே படிப்பித்தவர்கள், தொழிற்சங்கப் பணியிலே அலைந்தவர்கள், தோட்ட மருத்துவமனையிலே மருந்து கொடுத்தவர்கள். கதை எழுதிக் குடும்பத்தைக் காத்தவர் என்று விரல் விட்டு எண்ணுவதற்குக்கூட ஆள் கிடைப்பது அரிது. ஆக, ஓய்வுநேர எழுத்தாளர்களை ஒதுக்கிவிட்டால் மலையகப் புனைகதை என்று சொல்லிக்கொள்ள நமக்கு எதுவும் எஞ்சாது. அவர்களுக்கு ஓய்வுநேரமாவது இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியை விவாதிப்பதற்கு மலையகத்தின் மேற்கு ஓரத்திலே, சப்பிரகமுவ மாகாணத்திலே உள்ள குருவிட்ட பகுதியைப் போலத் தகுந்த இடம் வேறில்லை.

குருவிட்ட, அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர். குரு கங்கை ஓடும் பள்ளத்தாக்கு அது. சிவனொளிபாத மலைக்கு ஏறுகின்ற பழைய வழிகளில் ஒன்று இங்கிருந்துதான் தொடங்குகின்றது. தேயிலையும் இறப்பரும் இங்கே அடுத்தடுத்து வளர்கின்றன. வயலோரங்களில் மாணிக்கக் கல் அகழும் குழிகள் காணப்படுகின்றன. ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் மலைக்கு மேல் மலையாகத் தோட்டங்கள் தொடர்ந்து கிடப்பதுபோல் இங்கே இல்லை. ஒரு தோட்டம், பிறகு ஒரு சிங்களக் கிராமம், பிறகு இன்னொரு தோட்டம் என்று துண்டு துண்டாக அவை சிதறிக் கிடக்கின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் பலவற்றுக்கும் இதுவே இயல்பு. இந்தச் சிதறல் இலக்கியத்தையும் பாதித்தது என்பதைப் பின்னர் காண்போம்.

முதலில் பொழுதைக் கணக்கிடுவோம். இறப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிர்ச்சியிலே. ஆகையால் பால் வெட்டுகின்ற தொழிலாளி பொழுது புலர்வதற்கு முன்பே எழுந்து பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவி, சிரட்டையை மாட்டி, பால் வடிந்த பின் வாளியிலே சேர்த்து, நிறுவையிலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையும் விட்டுவிட முடியாது. நிறுவை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பேரும் இல்லை. நாட்டிலேயே மிகுதியாக மழை பொழிகின்ற பிரதேசங்களில் இரத்தினபுரியும் ஒன்று என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இறப்பர்த் தோட்டத்துத் தொழிலாளிக்குக் கிடைத்த ஓய்வு பெரும்பாலும் மழை கொடுத்த ஓய்வு. அது கூலியற்ற நாள். அடுப்பு எரியுமா என்ற கவலையோடு சுவரில் சாய்ந்திருக்கின்ற அந்த நாளை ஓய்வு என்று அழைப்பது மனச்சான்றுக்கு ஒவ்வாது.

பெண்ணின் நிலை இதனினும் கொடியது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகும், பால் வாளியைக் கொடுத்த பிறகும் அவளுடைய இரண்டாவது வேலைநாள் தொடங்குகின்றது. விறகும் தண்ணீரும் அடுப்பும் பிள்ளையும் அவளுக்காகவே காத்திருக்கின்றன. மலையகத்துப் புனைகதையின் முதற் காலத்தில் லயத்துப் பெண்ணைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். லயத்துப் பெண் எழுதியது சொற்பம். இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அவளுடைய நாளை மணி மணியாகப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

அடுத்தது இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படுகின்ற லயத்துக் காம்பரா. அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளே தாய் தந்தையர், பிள்ளைகள், சில வேளைகளில் திருமணமான மகனும் மருமகளும். குப்பி விளக்கின் அடியிலே ஒருவன் கொப்பியை விரித்தால் அவன் எரிப்பது வீட்டு மண்ணெண்ணெய். அவன் பறிப்பது மற்றவர்களுடைய தூக்கம். எழுதுவதற்கு மேசை வேண்டும், தனிமை வேண்டும் என்று எழுத்துக்கலை நூல்கள் உபதேசிக்கின்றன. அந்த நூலாசிரியர்கள் லயத்தைக் கண்டவர்கள் அல்லர்.

மூன்றாவது கல்வி. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் முதற்கொண்டு தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிச் சட்டங்கள் பேசியே வந்திருக்கின்றன. நடைமுறையில் தோட்டப் பாடசாலை என்பது ஓராசிரியர், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி என்ற அளவிலேயே நெடுங்காலம் இருந்தது. நாட்டின் ஏனைய பிள்ளைகள் 1945ஆம் ஆண்டிலிருந்து இலவசக் கல்வியின் பயனைப் பெறத் தொடங்கிய பின்னரும், தோட்டப் பாடசாலைகள் தேசியக் கல்விமுறைக்குள் முழுமையாக வந்து சேர 1970களைத் தாண்ட வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு மலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையிடம் நாம் நாவலை எதிர்பார்ப்பது எப்படி?

ஆயினும் கதை சொல்லுகின்ற ஆற்றல் அந்த மக்களிடம் இல்லாமற் போகவில்லை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆண்டுதோறும் லயத்து முற்றங்களில் விடிய விடிய ஆடப்பட்டன. கொழுந்து மலையிலே பாட்டு கட்டியவர்கள் எழுத்தறியாதவர்கள். அவர்களுடைய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை அரும்பாடுபட்டுத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பாக 1983ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தார். சொல்லுந் திறன் இருந்தது. அது காகிதத்தை வந்தடையும் பாதைதான் அடைபட்டிருந்தது. கைப்பிரதி நடந்த அந்தப் பாதையின் கதையே மலையகப் புனைகதையின் வரலாறு.

பாதையின் முதல் தடை தோட்டத்தின் வாயிலிலேயே நின்றது. துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் புடவை வியாபாரியைப்போல் வேடமிட்டு உள்ளே புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது பிரசித்தமான செய்தி. அவர் 1924ஆம் ஆண்டில் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். துண்டுப் பிரசுரங்களும் நூல்களும் எழுதினார். கதையும் எழுதிப் பார்த்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் கூட்டங்களிலே பாடுவதற்கென்று பாடல்கள் இயற்றினார், பத்திரிகைப் பணியிலும் பங்கு கொண்டார். இலக்கியப் புகழ் அவர்களுடைய நோக்கமன்று. ஒடுக்கப்பட்டவனிடம் செய்தியைக் கொண்டுசேர்ப்பதற்கு எந்த வடிவம் உதவுமோ அதைக் கையாண்டார்கள். தோட்டத்தைப் பற்றிய எழுத்து, பிறந்தபோதே போராட்டத்தின் மடியிலே பிறந்தது.

அதே காலப்பகுதியில், 1930களில், தமிழகத்திலே புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யை எழுதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைத் தமிழ் வாசகர் முன் வைத்தார். அதன் வலிமையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அது தோட்டத்திலே வாழ்ந்தவரின் எழுத்தன்று. கடலுக்கு அப்பாலிருந்து கேள்வியையும் கற்பனையையும் கொண்டு அமைக்கப்பட்ட சித்திரம். துயரத்தின் பெருவடிவம் அதிலே தெரிகின்றது. பிரட்டுக்களத்திலே ஒருவன் என்ன சொல்லித் தன் அரைப் பேரை முழுப் பேராக்க வாதாடுவான் என்பது அதிலே தெரிய வழியில்லை. அதை அறிந்தவன் லயத்திலே இருந்தான். அவனிடம் பேனை வந்து சேரச் சில பத்தாண்டுகள் ஆயின.

பேனை முதலில் வந்து சேர்ந்தது ஆசிரியர், கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணியின் மகன் ஆகியோரிடம். சி. வி. வேலுப்பிள்ளை வட்டகொடைப் பகுதியின் மடக்கும்புரத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற எழுவரில் ஒருவர். அடுத்த ஆண்டே, 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தெடுத்த மக்களை நாடற்றவர்களாக்கியது. தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. வேலுப்பிள்ளை தம் வாழ்வை எழுத்துக்கென்று ஒதுக்கி வைக்கவில்லை. ஒதுக்கி வைக்கும் நிலையும் இல்லை. தொழிற்சங்கப் பணிக்கிடையே ஆங்கிலத்திலே கவிதை எழுதினார். பின்னர் தமிழிலே ‘வீடற்றவன்’, ‘இனிப் படமாட்டேன்’ முதலான நாவல்களைத் தந்தார். மனுக்களும் அறிக்கைகளும் எழுதித் தேய்ந்த கையே நாவலையும் எழுதியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்து உத்தியோகத்தன் கதை எழுதுவது வெறும் நேரப் பிரச்சினை மட்டுமன்று. அவன் துரையின் சம்பளத்தில் இருப்பவன். தொழிலாளியின் துயரத்தைக் கண்ணாற் காண்பவன். கண்டதை எழுதினால் உத்தியோகம் போகும். எழுதாவிட்டால் மனம் உறுத்தும். லயத்துக்கு வருகின்ற கடிதமும் லயத்திலிருந்து போகின்ற கடிதமும் தோட்டக் கந்தோர் வழியாகவே நடமாடிய காலத்தில், ஒரு கைப்பிரதியைப் பத்திரிகைக்கு அனுப்புவதே துணிகரமான காரியம். கதை வெளிவந்தால், அதில் வருகின்ற துரை எந்தத் துரை, கணக்கப்பிள்ளை எவர் என்று தோட்டம் முழுவதும் ஆராய்ச்சி நடக்கும். ஊர்ப்பெயரோடும் புனைபெயரோடும் மலையக எழுத்தாளர் பலர் எழுதியதற்கு இலக்கிய மோகம் ஒன்றையே காரணமாகக் காட்டுவது சரியாகாது. புனைபெயர் சில வேளைகளில் ஒரு கேடயமாகவும் இருந்திருக்கும்.

1950களின் இறுதியிலும் 1960களிலும் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. திறமை திடீரென்று வானத்திலிருந்து பொழிந்துவிடவில்லை. கதையைக் கேட்பதற்கும் வாசிப்பதற்கும் சிலர் முன்வந்தார்கள்; அவ்வளவே. க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராக இருந்த காலத்தில், நாட்டின் பல பிரதேசங்களிலிருந்தும் மண்ணின் மணமுள்ள எழுத்து வரவேற்கப்பட்டது. வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்த என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961ஆம் ஆண்டு ‘தினகரன்’ இதழில் வெளியாயிற்று. கொழுந்து எடுப்பதிலே தேர்ந்த ஒரு பெண்ணின் உழைப்பு சந்தேகிக்கப்படுவதும், அவள் அந்த உழைப்பினாலேயே தன் நேர்மையை நிலைநாட்டுவதுமே கதை. பிரசங்கம் இல்லை, ஒப்பாரி இல்லை. கொழுந்தின் நிறுவையை அறிந்த ஒருவர் எழுதிய கதை என்பது வரிக்கு வரி தெரிந்தது. இராமையா கொழும்பிலே வணிக நிலையத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவர். நாள் முழுதும் பிறருடைய கணக்கை எழுதிய பின்பு தம் மக்களின் கணக்கை எழுதினார்.

இன்னொரு முயற்சி ‘வீரகேசரி’யிலே நடந்தது. அப்பத்திரிகையில் பணிபுரிந்த எஸ். எம். கார்மேகம் முதலானோரின் ஊக்கத்தால், மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் ‘வீரகேசரி’யும் சேர்ந்து மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகளை நடத்தின. பரிசு பெற்ற கதைகள் 1971ஆம் ஆண்டில் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுப்பாக வெளியாயின. தெளிவத்தை ஜோசப் போன்றோரைப் பரந்த வாசகர் உலகம் அறிந்துகொள்ள இந்தப் போட்டிகள் துணை புரிந்தன. போட்டி என்பதை இலக்கியவாதிகள் சிலர் இழிவாகப் பேசுவதுண்டு. ஆனால் காலை முதல் மாலை வரை வேறு வேலை செய்கின்றவனுக்குப் போட்டியின் கடைசித் தேதி ஒரு பேருதவி. ‘பிறகு எழுதலாம்’ என்று அவன் ஒத்திவைத்துக்கொண்டே போகும் கதையை அது முடிக்க வைக்கின்றது. மேலும், யாரோ ஒருவர் தன் கதையைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கப் போகின்றார் என்ற நம்பிக்கையை அது கொடுக்கின்றது. தனியே எழுதுகின்றவனுக்கு அந்த நம்பிக்கையே பாதிப் பரிசு.

அச்சேறிய கதை நூலாவது அடுத்த போராட்டம். இராமையாவின் புகழ்பெற்ற கதை வெளியான ஆண்டு 1961. அதே பெயரிலான அவருடைய சிறுகதைத் தொகுதி வெளிவந்த ஆண்டு 1980. இடையிலே பத்தொன்பது ஆண்டுகள். ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ 1979இல் வந்தது. இவ்விரண்டையும், வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ நாவலையும் நூலாக்கிய பெருமை மு. நித்தியானந்தனின் வைகறை வெளியீட்டைச் சாரும். பின்னர் 1997ஆம் ஆண்டில் துரை விஸ்வநாதன் துரைவி வெளியீடாக ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய பெருந்தொகுப்புகளைக் கொண்டுவந்தார். பத்திரிகைக் கோப்புகளுக்குள் மட்கிக்கொண்டிருந்த கதைகள் பல அவற்றால் உயிர் பிழைத்தன. பதிப்புத் தொழில் என்று வலுவான அமைப்பு எதுவும் இல்லாத இடத்தில், பதிப்பித்தவர்களும் ஆர்வத்தினால் உந்தப்பட்ட தனிமனிதர்களே. எழுதியவரும் ஓய்வுநேரத்தார், பதிப்பித்தவரும் ஓய்வுநேரத்தார் என்றால் ஒரு நூலுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆனதில் வியப்பென்ன?

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா சலூன் நடத்திக்கொண்டே கதை எழுதினார். 1966ஆம் ஆண்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கி இதழ்களைக் கையிலே சுமந்து சென்று விற்றார். ஆனால் நடந்து போய் விற்பதற்கு அங்கே ஒரு நகரம் இருந்தது, நண்பர் கூட்டம் இருந்தது, வாசிகசாலைகள் இருந்தன. குருவிட்டப் பக்கத்துத் தோட்டத்திலே எழுதியவனுக்கு அடுத்த வாசகன் இரண்டு மலைகளுக்கும் மூன்று கிராமங்களுக்கும் அப்பால் இருந்தான்.

மலையக இலக்கியம் என்றதும் ஹட்டன், தலவாக்கலை, பதுளை, மாத்தளை என்ற பெயர்களே நம் நாவில் முதலில் வருகின்றன. மாத்தளையிலே மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகிய மூவர் சேர்ந்து 1980இல் ‘தோட்டக் காட்டினிலே’ என்ற தொகுதியைக் கொண்டுவர முடிந்தது. ஓர் ஊரிலே மூன்று எழுத்தாளர்கள் சந்தித்துப் பேசிக்கொள்ள இயலுமானால் அது ஒரு இயக்கமாகிவிடும். சப்பிரகமுவையிலோ எழுத ஆசைப்பட்டவன் பெரும்பாலும் தன் தோட்டத்திலே தனியன். 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டிய களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை குருவிட்டையைக் கொழும்போடு இணைத்திருந்தது. 1970களிலே அவிசாவளைக்கு அப்பாற்பட்ட அந்தப் பகுதியும் மூடப்பட்டது.

அரசியலும் இந்தத் தனிமையை ஆழப்படுத்தியது. 1947இல் இந்தியன் காங்கிரசு வென்ற ஏழு தொகுதிகளில் ஒன்றுகூட இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இல்லை. எண்ணிக்கையில் சிதறிய மக்களுக்குக் குரல் தருகின்ற பிரதிநிதியும் இல்லை. அதற்கு முந்திய ஆண்டிலே, 1946இல், கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காக எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்ந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. நிலமற்ற சிங்கள விவசாயியும் நிலமற்ற தமிழ்த் தொழிலாளியும் ஒரே துண்டு நிலத்துக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்ட சம்பவம் அது. ஒரு பெருநாவலுக்குரிய கரு வேறெங்கே இருக்கின்றது?

பின்னர் வந்தவை இதனினும் கொடியன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டது. 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. மீதி 1,50,000 பேரின் விதி ஒத்திவைக்கப்பட்டது. எழுதுகின்றவனின் பக்கத்துக் காம்பராவே காலியாயிற்று. வாசிக்க வேண்டியவனும் கதைமாந்தனும் தலைமன்னாரிலே கப்பலேறினார்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1970களின் நடுப்பகுதியிலே பஞ்சம் வந்தது. 1977ஆம் ஆண்டு வன்செயல் தோட்டங்களைத் தாக்கியது. 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்திலே காவத்தை, இறக்குவானை முதலிய இடங்களில் தமிழ் மக்கள் தாக்கப்பட்டார்கள். 1983இல் மீண்டும் அதே தீ. லயங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் பல வவுனியாப் பக்கங்களிலே போய்க் குடியேறின. ஓடுகின்றவன் பிள்ளையைத் தூக்குவான், பிரசாவுரிமைப் பத்திரத்தைத் தேடுவான். கதை எழுதிய கொப்பியை எடுத்துக்கொள்வானா?

மேலை நாடுகளிலும் வேறு தொழில் பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் உண்டு. பிராக் நகரத்து ஃபிரான்ஸ் காஃப்கா தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்திலே 1908 முதல் 1922 வரை உத்தியோகம் பார்த்தவர், இரவிலே எழுதியவர். ஆனால் அவருடைய அலுவலகம் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிவடைந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல், அங்கே கண்ட கொடுமைகளை 1969இல் ஆங்கில நாவலாக வெளியிட்டார். அது ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கு வந்தது 2007இலே. இலங்கையிலும் மருத்துவரான தி. ஞானசேகரன் தோட்டத்து வாழ்வை ‘குருதிமலை’ நாவலாக 1979இல் தந்தார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இவர்கள் தோட்டத்தோடு நெருங்கி நின்றவர்கள்; நன்றிக்குரியவர்கள். ஆயினும் லயத்துக்குள்ளிருந்து எழுதுகின்றவனின் இடத்தை அவர்கள் நிரப்பிவிட முடியாது. நிரப்பிவிட்டதாக அவர்களும் உரிமை கொண்டாடவில்லை.

ஓய்வுநேர எழுத்தாளனின் குறைகளை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. அவனுடைய கதைகளிலே துரை முழுக் கொடியவனாகவும் தொழிலாளி முழு நல்லவனாகவும் வருவதுண்டு. முடிவிலே கதாநாயகன் ஒரு மேடைப் பிரசங்கம் செய்வதுண்டு. தனக்குத் தெரிந்த பால் வெட்டுக் கத்தியை விட்டுவிட்டு, தனக்குத் தெரியாத பட்டணத்துக் காதலை எழுதுவதுமுண்டு. இந்தக் குறைகள் எங்கிருந்து வந்தன? அவன் படித்த சஞ்சிகைக் கதைகளே அவனுக்குப் பள்ளிக்கூடம். அவன் அனுப்பிய கதை பிரசுரமானால் பிரசுரமாகும், இல்லையேல் மௌனம். எந்த இடத்தில் கதை தடுக்கியது என்று எழுதி அனுப்பிய ஆசிரியர்கள் மிகச் சிலர். குறையைச் சுட்டிக் காட்டாத மௌனம் இரக்கமற்றது. அது எழுதுகின்றவனைத் திருத்துவதுமில்லை, நிறுத்துவதுமில்லை. தேய்ந்து போக விடுகின்றது.

மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. சப்பிரகமுவத் தோட்டத்து மக்களின் பேச்சிலே திருச்சிராப்பள்ளியும் சேலமும் இருக்கின்றன. பக்கத்துக் கிராமத்துச் சிங்களமும் இருக்கின்றது. துரையின் ஆங்கிலம் உருமாறிப் பிரட்டு, செக்றோல், கொந்தரப்பு என்று வழங்குகின்றது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்திலே பேச்சுமொழியை இலக்கியத்தில் கையாண்டோரை ‘இழிசனர் வழக்கு’ எழுதுகின்றவர்கள் என்று பண்டிதர் சிலர் பழித்தனர். முற்போக்கு எழுத்தாளர்கள் அதை எதிர்த்து வென்றார்கள். ஆனால் அந்த வெற்றி தோட்டத்துச் சிறுவன் வரைக்கும் போய்ச் சேரவில்லை. தன் தாயின் பேச்சு ‘கொச்சை’ என்றே பள்ளிக்கூடத்தில் அவன் கற்றான். கதை எழுத உட்கார்ந்ததும் தாயின் வாயிலே வானொலித் தமிழை வைத்தான். அங்கேயே கதையின் உயிர் போய்விட்டது.

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டில் நினைவு கூர்ந்தோம். ஊர்வலங்களும் ஆய்வரங்குகளும் நடைபெற்றன. 1946இன் வேலைநிறுத்தத்தைத் தாய்மடியிலிருந்து கண்டவர்கள்கூட இன்று எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றார்கள். 1977ஐயும் 1981ஐயும் கண்டவர்கள் முதுமை எய்துகின்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பத்தாம் வகுப்பையும் உயர்தரத்தையும் கடந்து படிக்கின்றார்கள், கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றார்கள், சிலர் ஆசிரியர்களாகியிருக்கின்றார்கள். பாட்டன்மாருக்கு இல்லாத எழுத்து இந்தப் பிள்ளைகளிடம் இருக்கின்றது. பிள்ளைகளுக்கு இல்லாத அனுபவம் பாட்டன்மாரிடம் இருக்கின்றது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்ற காலம் இன்னும் சில ஆண்டுகளே.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பாடசாலைகளும் சங்கங்களும் சப்பிரகமுவ எழுத்துக்கென்று ஆண்டுக்கு ஒரு போட்டியாவது கடைசித் தேதி குறித்து நடத்துதல் வேண்டும். வந்த ஒவ்வொரு கதையையும் ஒருவர் முழுமையாக வாசித்து, நான்கு வரியாவது விமர்சனம் எழுதித் திருப்பி அனுப்புதல் வேண்டும். குருவிட்டையிலும் எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் எழுதுகின்றவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடித் தங்கள் கதைகளை வாய்விட்டு வாசித்தல் வேண்டும். பழைய கொப்பிகளையும் பழைய பத்திரிகைக் கத்தரிப்புகளையும் வீட்டுக்கு வீடு தேடித் திரட்டுதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. 1960களிலே ஒரு பத்திரிகையும் ஒரு மன்றமும் சேர்ந்து செய்த காரியம் இது.

எழுதுகின்ற இளைஞருக்கும் ஒரு சொல் உண்டு. நேரம் கிடைத்த பின் எழுதலாம் என்று காத்திருக்க வேண்டாம். நம் முன்னோர் எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பட்டணத்துக் காதலைத் தேடிப் போகவும் வேண்டாம். ஒரு மரத்திலே கத்தி எந்தக் கோணத்தில் இறங்கினால் பால் வடியும், எந்த ஆழத்தில் இறங்கினால் மரம் புண்படும் என்பதை உங்கள் தாய் அறிவாள். அவளைக் கேளுங்கள், அவள் சொன்ன சொல்லாலேயே எழுதுங்கள். பிழை இருந்தால் இரண்டாம் முறை எழுதிக்கொள்ளலாம். எழுதப்படாது போனதைத் திருத்துவதற்கு எவராலும் இயலாது.